மேடை வெளிச்சமும் முக வெளிச்சமும்

கல்யாண மண்டபத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இருக்காது. முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். கூரை முழுக்க வரிசையாகக் குழிவிளக்குகள், மேடைக்குப் பின்னால் ஊதா எல்இடி, இரண்டு பக்கமும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் விளக்குகள், போதாததற்கு வீடியோ எடுப்பவரின் கேமரா தலையில் ஒரு வெள்ளை விளக்கு. உள்ளே நுழைந்தால் கண் கூசும். அந்த விளக்குகளை வைத்தவர் பின்னணியைப் பார்த்து வைத்திருப்பார். அது அவர் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நிற்கப்போகிறவர்களின் கண்ணுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று அநேகமாக யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். கல்யாணப் படம் எடுக்கும் எனக்கு அந்த யோசனைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே மண்டபத்துக்குப் போனதும் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதில்லை. மணமக்கள் நிற்கப்போகும் இடத்துக்கு நேராகப் போவேன். கையை முஷ்டியாக மடக்கி, முக உயரத்தில் நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுவேன். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். விரல் முட்டிகள் மூக்குப் போலப் புடைத்திருக்கின்றன, இடையில் இருக்கும் பள்ளம் கண்குழி போல. முட்டிகளுக்குக் கீழே கன்னங்கரேல் என்று நிழல் விழுந்தால், அங்கே நிற்பவர் கண்ணுக்குக் கீழேயும் அதே நிழல் விழும். நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரம் மெல்லக் கரைந்துபோனால் அந்தத் திசை நல்ல திசை. நெற்றியில் குழிவிளக்கு நேராக இறங்கும் இடங்களில் இரண்டடி முன்னால் வந்தாலே கதை மாறிவிடும். வெளிச்சம் மேலிருந்து வராமல் முன்னாலிருந்து சாய்வாக வர ஆரம்பிக்கும். நாற்காலியையோ பூ அலங்காரத்தையோ அந்த இரண்டடி நகர்த்தச் சொல்ல அதுதான் நேரம். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் முறைப்பார்கள்.

தனி ஆளை வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் என் கணக்கில் இருக்கும் பெரிய வித்தியாசமும் இதுதான். போர்ட்ரெய்ட்டில் வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். “கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க, தாடையை இறக்குங்க” என்று சொல்லலாம். கல்யாணத்தில் ஆள் வரமாட்டார், நிகழ்ச்சியும் நிற்காது. அவர்கள் போகும் இடத்துக்கு வெளிச்சம் முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். தனி ஆளுக்கு அழகாக இருக்கும் விளக்கு அமைப்பு நிறைய உண்டு. அவற்றில் முக்கால்வாசி, ஆள் அரை அடி நகர்ந்தால் கெட்டுப்போகும். கல்யாணத்துக்கு வேண்டியது கொஞ்சம் அழகு குறைந்தாலும் ஆறடிக்கு ஆறடி இடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் வெளிச்சம்.

நான் வைப்பது இரண்டே ஃபிளாஷ், இரண்டு ஸ்டாண்டு. மேடைக்கு முன்னால் இடதும் வலதுமாக, ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்த்து. ஒன்றில் வெளிச்சத்தைப் பரப்பும் பெரிய குடை. அது முக வெளிச்சம். மற்றது அதில் பாதி பலத்துக்கும் குறைவு; நிழலை முழுக்க அழிக்காமல் லேசாக நிரப்ப மட்டும். இரண்டையும் ஒரே பலத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் விழும், முகம் தட்டையாகிவிடும். இடம் இருந்தால் மூன்றாவதாக ஒன்றை மேடைக்குப் பின்னால் ஓரமாக ஒளித்து வைப்பேன். முடியிலும் தோளிலும் ஒரு கோடு விழுந்தால் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பார். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாயம். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் தலைக்கு மேலே கனத்தை நிறுத்தி வைக்கிறோம், அதில் சமரசம் கிடையாது.

ஃபிளாஷ் வந்ததும் பலருக்குக் குழப்பமே ஷட்டரில்தான், அதாவது கேமராவின் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் ஆரம்பிக்கிறது. விஷயம் எளிது. ஃபிளாஷ் வெடித்து அடங்குவது ரொம்பக் குறுகிய நேரம். முழு பலத்திலேயே நொடியில் சில நூறில் ஒரு பங்கு, பலத்தைக் குறைத்தால் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தாலும் 1/60 நொடி திறந்திருந்தாலும் ஃபிளாஷ் உள்ளே வருவது ஒரே அளவுதான். மண்டப வெளிச்சமோ 1/60இல் இரட்டிப்பாகும். ஆகவே ஷட்டர் பின்னணிக்கான குழாய், ஃபிளாஷின் பலம் முகத்துக்கான குழாய். அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) ஐஎஸ்ஓவும் (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்கும். இது பிடிபட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, பின்னணி ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) இருட்டாகத் தெரியும்படி ஷட்டரை வைப்பேன். அப்புறம் ஃபிளாஷை ஏற்றி முகத்தைச் சரியாக்குவேன். எனக்கு வழக்கமாக வந்து நிற்பது எஃப் 4, 1/100, ஐஎஸ்ஓ 1600 பக்கம்.

ஐஎஸ்ஓ 1600 என்றால் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். புள்ளி புள்ளியாக வருமே என்று. ஐஎஸ்ஓ 400இல் ஃபிளாஷ் கால்வாசி பலம் கேட்கும் இடத்தில் 1600இல் பதினாறில் ஒரு பங்கே போதும். அதனால் ஃபிளாஷ் அடுத்த படத்துக்கு உடனே தயாராகிறது, பேட்டரி நாள் முழுக்க வருகிறது, சூடேறி நின்றுபோவதில்லை. முழு பலத்தில் அடித்தால் சின்ன ஃபிளாஷ்கள் மறுபடி சார்ஜ் ஆக இரண்டு நொடி வரை எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு நொடிக்குள்தான் அப்பா கண்ணைத் துடைப்பார். புள்ளியை இப்போதைய மென்பொருள் எடுத்துவிடும். எடுக்காத படத்தை எதுவும் கொண்டு வராது.

இனி நிறம். என்னோடு வேலை செய்யும் பையன் போன தடவை மேடையைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒயிட் பேலன்ஸ் எதுல வச்சாலும் முகம் ஊதாவாவே வருது” என்றான். ஒயிட் பேலன்ஸ் என்பது வெள்ளை வெள்ளையாகவே வரும்படி கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு. இங்கே அதை எப்படி வைத்தாலும் ஊதா வரத்தான் செய்யும். பழைய குண்டு பல்பு மஞ்சள் என்றாலும் அதில் எல்லா நிறமும் கொஞ்சமாவது இருந்தது. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் 3200 என்று வைத்தால் முகம் முகமாக வந்துவிடும். ஊதா எல்இடியில் நீலமும் சிவப்பும் மட்டும்தான், இடையில் இருக்கும் பச்சை கிட்டத்தட்ட இல்லை. சருமத்தின் நுணுக்கமான நிற வேறுபாடுகள் பதியவே இல்லை என்றால் ஒயிட் பேலன்ஸை எங்கே திருகினாலும் அவை வராது. ஒரே நிற விளக்கில் எடுத்த முகம் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று தெரிவதும் அதனால்தான். ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று கேமராத் திரையில் வரும் வரைபடம், ஹிஸ்டோகிராம், சாதாரணமாக அதைக் காட்டாது, நடுவில் நல்லபிள்ளையாக நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்தால் நீலம் வலது சுவரில் போய் மோதி நிற்பது தெரியும்.

இதற்கு வழி ஒன்றுதான். முகத்தில் விழும் ஊதாவை விட என் வெள்ளை வெளிச்சம் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அல்லது முகத்தில் ஊதா விழவே கூடாது. பின்னணிக்கு ஊதா இருந்துவிட்டுப் போகட்டும், படத்தில் அழகாகவே இருக்கும். ஆனால் முன்னாலிருந்து மணமக்கள் மேல் அடிக்கும் நிற விளக்குகளை மட்டும் அணைக்கச் சொல்லி லைட் போடும் அண்ணனிடம் முதலிலேயே பேசிவிடுவேன். “அண்ணே, பின்னாடி உங்க இஷ்டம், முன்னாடி மட்டும் வெள்ளை குடுங்க.” பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பாட்டு, நடனம் என்று நிகழ்ச்சி மாறும்போது நிறத்தைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். அப்போது முகத்துக்கு என்ன நிறம் வந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை, கொண்டாட்டம் தெரிந்தால் போதும்.

மண்டபம் முழுக்க மஞ்சள் விளக்காக இருந்தால் பிரச்சினை வேறு மாதிரி. ஃபிளாஷ் பகல் வெளிச்ச நிறம், 5500 கெல்வின் பக்கம். முகத்துக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸ் வைத்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஆரஞ்சாகிவிடுவார்கள். ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டிவிட்டால் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும், ஒயிட் பேலன்ஸை 3200க்கு இறக்கிவிடலாம். முழு ஜெல் அரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது பாதி ஜெல், அதாவது பாதி அடர்த்தியுள்ளது. முகம் சுத்தமாக வரும், பின்னணி கொஞ்சம் மஞ்சளாகவே தங்கும். அந்த மஞ்சளை முழுக்கத் துடைத்துவிட்டால் மண்டபம் அலுவலகம் மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த எல்இடிகளில் இன்னொரு தொல்லை, கண்ணுக்குத் தெரியாத மினுக்கல். மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடும் ஊர்களில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும்; 60 சுற்று ஓடும் நாடுகளில் 120 தடவை. ஷட்டர் 1/100 அல்லது 1/50 என்றால் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும், படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, நிறமும் மாறி மாறி வரும். கேமராவில் மினுக்கல் தடுப்பு என்று ஒரு வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் மேல் ஆசைப்பட்டு மண்டபத்தில் எடுப்பவர்களுக்குத்தான் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரிசை படிக்கும்போதும் விளக்கு வேறு நிலையில் இருக்கிறது. சோனி ஏ9 III போல எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் படிக்கும் சென்சாரில் பட்டை விழாது. அது 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கேமரா. எல்லாரிடமும் அது இருக்கப்போவதில்லை. மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டர், 1/100. முடிந்தது.

ஸ்டாண்டு வைக்கவே இடமில்லாத சின்ன அறைகளில் கேமரா மேல் இருக்கும் ஃபிளாஷைத் திருப்பி அடிப்பதுதான் வழி. ஆனால் எல்லாரும் கூரையைப் பார்த்து அடிக்கிறார்கள். குழிவிளக்கு செய்த அதே வேலையைத்தான் அதுவும் செய்யும், கண்குழி கறுத்துவிடும். நான் என் தோளுக்குப் பின்னால், பக்கச் சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்த்து அடிப்பேன். அந்த மூலை முழுவதும் ஒரு பெரிய ஜன்னலாக மாறிவிடும். சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பினால் மணப்பெண் பச்சையாகத்தான் வருவார். இப்படித் திருப்பி அடிக்கும்போது இரண்டு மூன்று ஸ்டாப் போய்விடும் என்பதால் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். ஃபிளாஷ் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியை மாட்டிக்கொண்டு திறந்தவெளியில் நேராக அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வெளிச்சம் மென்மையாவது, விளக்கு எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. மூடி போட்டாலும் ஃபிளாஷ் உள்ளங்கை அளவுதான். நாலு சுவருக்குள் அந்த மூடி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துச் சுவர்களைப் பயன்படுத்தும். வெட்டவெளியில் சுவர் ஏது?

குரூப் போட்டோவுக்கு வருவோம். எல்லாக் கல்யாணத்திலும் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தும் படமும் இதுதான், கடைசியில் சட்டம் போட்டு மாட்டும் படமும் இதுதான். இங்கே ஃபிளாஷைப் பக்கத்தில் வைத்தால் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை இருட்டில் நிற்கும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். முன்வரிசைக்கு இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபிளாஷ் இருந்து, பின்வரிசை அதற்கும் ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால், பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே ஃபிளாஷை ஐந்து மீட்டருக்குத் தள்ளிவிட்டால் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தள்ள இடமில்லையா, ஸ்டாண்டை உயர ஏற்றி, பின்வரிசையைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். முன்வரிசைக்கு வெளிச்சத்தின் ஓரம் மட்டும் விழும், கணக்கு சமமாகிவிடும். உயரம் ஏறினால் இன்னொரு லாபம், முன்னால் நிற்பவரின் தலை நிழல் பின்னால் நிற்பவர் முகத்தில் விழாமல் முதுகுப் பக்கம் இறங்கிவிடும்.

அபெர்ச்சர் இங்கே எஃப் 5.6க்குக் கீழே வேண்டாம், மூன்று வரிசை என்றால் எஃப் 8. ஃபோகஸ் முதல் வரிசையில். இரண்டு வரிசைக்கு மேல் இருந்தால் இரண்டாவது வரிசையில். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதியை நான் குரூப்பில் அணைத்துவிடுவேன், அது யாராவது கடைசி வரிசைச் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒவ்வொரு குரூப்புக்கும் குறைந்தது நாலைந்து படம். யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். மூக்குக் கண்ணாடி போட்டவர்களை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்கை உயர்த்தலாம், அல்லது அவரிடம் கண்ணாடியின் காம்பைக் காதுப் பக்கம் ஒரு நூல் உயர்த்தச் சொல்லலாம். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பிரதிபலிப்பு கேமராவை விட்டுத் தரைக்குப் போய்விடும். தாத்தாக்கள் இதை ஆர்வமாகச் செய்வார்கள்.

மணப்பெண்ணைத் தனியாக எடுக்கும்போது சருமமும் நகையும் ஒன்றுக்கொன்று எதிரான வெளிச்சத்தைக் கேட்கின்றன. சருமத்துக்குப் பெரிய விளக்கு வேண்டும். சின்ன விளக்கு வியர்வையையும் எண்ணெயையும் புள்ளி புள்ளியாகப் பளபளக்க வைத்துவிடும். நகையோ அந்தப் புள்ளியைத்தான் கேட்கிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸ் (முன்னால் வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டி) மட்டும் வைத்தால் கல் வைத்த நகை சோம்பலாகத் தெரியும், ஒவ்வொரு பட்டையிலும் மங்கலான வெள்ளைதான் பிரதிபலிக்கும். ஆகவே முகத்துக்குச் சாஃப்ட்பாக்ஸ், முகத்துக்கு மிக அருகில், கிட்டத்தட்ட ஃபிரேமுக்குள் எட்டிப் பார்க்கும் தூரத்தில். கூடவே, பக்கவாட்டில் பின்னாலிருந்து, மூடி எதுவும் இல்லாத சின்ன ஃபிளாஷ் ஒன்று, மிகக் குறைந்த பலத்தில், கழுத்தையும் காதையும் மட்டும் தொட்டுப் போகும்படி. அதன் முன்னால் கறுப்பு அட்டையைக் குழாய் போலச் சுருட்டி மாட்டினால் வெளிச்சம் கன்னத்துக்குச் சிதறாது. கைபேசியின் டார்ச்சைப் பிடித்துக்கூட இதைச் செய்து பார்க்கலாம். மோதிரத்தை மட்டும் தனியாக எடுக்கும்போது நான் அதைத்தான் செய்கிறேன். கல்லைச் சுற்றி டார்ச்சை மெதுவாக நகர்த்தினால் ஏதோ ஒரு கோணத்தில் கல் தீப்பிடித்த மாதிரி எரியும். அங்கே நிறுத்த வேண்டும்.

விளக்கே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு ஜன்னல் கிடைத்தால் நான் கொடுத்து வைத்தவள். மணப்பெண் தயாராகும் அறையில் முதலில் தேடுவது அதைத்தான். ஜன்னலைக் கண்டதும் அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவேன். “இருட்டா இருக்கேம்மா” என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்வார். இருட்டு அவர் கண்ணுக்குத்தான், ஜன்னலின் நீலமும் பல்பின் மஞ்சளும் ஒரே கன்னத்தில் கலந்தால் அதைப் பிரிக்க ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். பெண்ணை ஜன்னலுக்கு நேரே பார்க்க வைக்காமல், ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நிறுத்தி முகத்தை மட்டும் வெளிச்சத்தின் பக்கம் பாதி திருப்பச் சொல்வேன். நான் நிற்பது நிழல் விழும் கன்னத்தின் பக்கம். கேமராவுக்கு அகலமாகத் தெரியும் கன்னம் நிழலில், குறுகலாகத் தெரியும் கன்னம் வெளிச்சத்தில். முகம் மெலிந்தும் ஆழமாகவும் தெரியும். இதற்கு நேர்மாறாக நின்றால் முகம் அகலமாகும். ஒல்லியான முகங்களுக்கு அதுவும் தேவைப்படும்.

இன்னும் கொஞ்சம் திருப்பினால் மூக்கு நிழல் போய்க் கன்ன நிழலோடு சேரும். இருண்ட கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் பெயரில்தான் இதை இன்னமும் அழைக்கிறார்கள். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது நன்றாக நிற்கும். புதுப்பெண்ணுக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, கொஞ்சம் கனத்துவிடும். மூக்கு நிழல் சின்னதாக, உதட்டைத் தொடாமல் ஓரமாக விழுந்தால் போதும். எந்த அமைப்பாக இருந்தாலும் கண்ணில் வெளிச்சப் பொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கருவிழியின் மேல்பாதியில், ஒரு ஓரமாக. பொட்டு இல்லாத கண் தூங்கி வழியும்.

லென்ஸைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு கேமராவிலிருந்து 50 செ.மீ., காது கிட்டத்தட்ட 62 செ.மீ. கால்வாசி வித்தியாசம், மூக்கு பெரிதாகத்தான் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் 200க்கும் 212க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள், அந்தத் தூரத்திலிருந்து முகம் நிரம்பும் லென்ஸை மாட்டுங்கள். 85 மி.மீ. புகழ் பெற்றதற்குக் காரணம் அதுவே. இரண்டாவது, எஃப் 1.4 மோகம். 85 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டரிலிருந்து எஃப் 1.4 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே நாலரை செ.மீ. பக்கம். முகம் பாதி திரும்பியிருந்தால் அருகில் இருக்கும் கண் தெளிவாக இருக்கும், அந்தப் பக்கக் கண் கரைந்திருக்கும். எஃப் 2.8 என்றால் ஒன்பது செ.மீ., இரண்டு கண்ணும் பிழைத்துக்கொள்ளும். ஜோடியாக எடுக்கும்போது எஃப் 1.4 வேண்டவே வேண்டாம். ஒருவர் மட்டும் தெளிவாக இருக்கும் கல்யாணப் படத்தை யாரிடம் கொடுப்பீர்கள்?

உச்சி வெயிலில் வெளியே எடுக்கச் சொல்வார்கள். மறுக்க முடியாது. முதல் தேர்வு நிழல். வெளிச்சம் திறந்த வானத்திலிருந்து வரும் கட்டட நிழல் நல்லது, மரத்தடி அவ்வளவு நல்லதில்லை. இலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும், புல்லிலிருந்து பச்சை தாடையில் ஏறும். நிழலே இல்லை என்றால் வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். வெயில் முடிக்கு விளக்காகிவிடும், முகம் சீரான நிழலில் இருக்கும். அதற்கு மேல் ஃபிளாஷும் வேண்டும் என்றால் ஒரு கணக்கு குறுக்கே வரும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 பக்கம். பின்னணியைக் கரைக்க எஃப் 2.8க்குத் திறந்தால் 1/3200க்குப் போக வேண்டும். ஃபிளாஷோடு பெரும்பாலான கேமராக்கள் 1/200, 1/250க்கு மேல் ஒத்துழைக்காது. அதிவேக ஒத்திசைவு வசதியைப் போட்டால் போகலாம், ஆனால் ஃபிளாஷின் பலம் பெருமளவு குறையும். அதனால் ஃபிளாஷை முகத்துக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதைவிட ஒருவர் வெள்ளைத் துணி ரிஃப்ளெக்டரைப் பிடித்து நிற்பது எவ்வளவோ சுலபம். வெள்ளிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், எதிரில் நிற்பவர் கண்ணைத் திறக்கமாட்டார்.

எக்ஸ்போஷர் விஷயத்தில், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதில், மேடையில் நான் எப்போதும் மேனுவல். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை உடை ஃபிரேமை நிரப்பினால் படத்தை இருட்டாக்கும், கறுப்புக் கோட்டு நிரப்பினால் வெளுக்க வைக்கும். வெளிச்சம் மாறவே இல்லை, ஆள் மாறினார், அவ்வளவுதான். தானியங்கியில் எடுக்க வேண்டி வந்தால் வெள்ளை உடைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள், கறுப்புக்கு இறக்குங்கள். சருமமும் அப்படித்தான். நல்ல கறுப்பு நிறமுள்ளவரை நெருக்கமாக எடுத்தால் மீட்டர் அவரைச் சாம்பலாக வெளுக்க வைக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கன்னங்கரேல் என்று மூழ்கடித்துவிடும். இரண்டுமே அவர் இல்லை. கறுத்த சருமத்துக்குக் கன்னத்தில், நெற்றியில் விழும் பளபளப்புதான் வடிவம் கொடுக்கிறது. ஆகவே நேர் முன்னாலிருந்து இன்னும் இன்னும் வெளிச்சத்தைக் கொட்டாமல், பெரிய விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். அந்தப் பளபளப்பு நீளமாகப் படர்ந்து எலும்பின் வளைவைக் காட்டும்.

இந்தச் சிக்கல் கேமராவில் மட்டும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது, ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் வெளுத்த நிறமுள்ள ஒரு பெண் இருப்பார். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று இயந்திரத்தை வைத்துக்கொள்வார்கள். 1950களிலிருந்து அதுதான் நடைமுறை, பல நிறத்தவர் சேர்ந்த அட்டை வந்தது 1990களில். இன்றைக்கு அந்த அட்டை இல்லை. அதன் வேலையைச் செய்ய, முகத்தைக் கண்டால் தானாக வெளுக்க வைக்கும் ஃபில்டர்கள் இருக்கின்றன. ஆல்பம் வேலைக்கு வெளியே கொடுத்தால், கேட்காமலேயே எல்லா முகத்தையும் ஒரே இளஞ்சிவப்பாக்கித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவும் பெண்ணும் வேறு வேறு நிறம், அண்ணன் தம்பி வேறு வேறு நிறம், ஒரு குடும்பத்துக்குள்ளேயே எத்தனை வகை! அதெல்லாம் போய் எல்லாரும் ஒரே பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி வரும்.

அதனால் நிற வேலையை நான் வெளியே கொடுப்பதில்லை. மண்டபத்தில் விளக்கு வைத்ததும் சாம்பல் அட்டை ஒன்றை மணமக்கள் நிற்கும் இடத்தில் பிடித்து ஒரு ரா ஃபைல் (கேமரா நிறத்தைத் திருத்தாமல் பதியும் கோப்பு) எடுத்துவைப்பேன். விளக்கு மாறினால் மறுபடி ஒன்று. வீட்டுக்கு வந்து அந்த அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்தால் முகங்கள் தன்னால் தன் தன் நிறத்துக்கு வந்துவிடும். “கொஞ்சம் கலராக்கிக் குடுங்களேன்” என்று யாராவது கேட்டால், அதே படத்தில் வெளிச்சத்தை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி, நிறத்தைத் தொடாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பெரும்பாலும் அதுவே போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்தான்.